மூளைக்குள் காலிக் காம்பரா கிடையாது

பார்வையோ செவியோ இல்லாமல் பிறக்கும் குழந்தையின் மூளை தன்னைத் தானே வேறு விதமாகக் கட்டிக்கொள்கிறது. அதற்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் சில மாதங்கள். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் அந்தக் குழந்தையைக் கண்டுபிடிக்க நமக்கு இருப்பதும் அதே சில மாதங்கள்தான்.

காலை ஏழு மணிக்கு முன்பே, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் வாசலில் சத்தம் தொடங்கிவிடும். ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சி. பனி இன்னும் தேயிலைச் செடிமேல் படிந்திருக்கும். இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடையைத் தொங்கவிட்ட அம்மாமார் பிள்ளையை அணைத்தபடி இறக்கத்தில் வேகமாக வருவார்கள். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) பிந்தினால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். பிள்ளையை ஆயம்மா கையில் கொடுத்ததும் திரும்பிப் பார்க்காமல் மலைக்கு ஏறிவிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை அழும்.

அழாத பிள்ளைகளும் உண்டு. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு விழுகிறது. நாலு குழந்தைகள் திடுக்கிட்டு வீறிடுகின்றன. ஒன்று மட்டும் தன் விரல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. "இது ரொம்ப சாதுவான புள்ள" என்று பேர் வாங்கிவிடும். ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், "அவங்க அப்பனுக்கும் மூணு வயசுலதான் பேச்சு வந்துச்சு" என்று அப்பாயி தைரியம் சொல்வார். அந்தத் தைரியத்திலேயே ஒரு வருடம் ஓடிவிடும்.

இப்படி ஒரு குழந்தை எந்தத் தோட்டத்திலும் இருக்கலாம். உலகில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒன்று முதல் மூன்று வரை நிரந்தரச் செவிக்குறைபாட்டோடு பிறக்கின்றன. பிறவிக் கண்புரை இதைவிட அரிது. ஆனால் அதற்கான காலக்கெடு இன்னும் குறுகியது. இரண்டிலும், கைநழுவிப் போகும் அந்த ஒரு வருடத்தில் குழந்தையின் மூளை சும்மா இருப்பதில்லை.

சுவரை இடித்துக்கொள்ளும் பக்கத்து வீட்டார்

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்போது, பக்கத்துக் காம்பரா பூட்டியிருந்தால் எத்தனை நாள் சும்மா விடுவார்கள்? முதலில் விறகு அடுக்குவார்கள். பிறகு மூத்தவன் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே படுக்கப் போவான். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் அடுப்பும் போய்விடும். பத்து வருடம் கழித்துப் பழைய ஆள் சாவியோடு வந்து நின்றால், உள்ளே ஒரு குடும்பமே இருக்கும்.

மூளையின் மேற்புறணியும் அப்படித்தான். பின்பக்கம் பார்வைக்கு, பக்கவாட்டில் கேள்விக்கு என்று பிறக்கும்போதே இடங்கள் ஏறக்குறைய ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த ஒதுக்கீடு உறுதிப்படுவது, கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் மட்டுமே. செய்தி வராத இடத்துக்குப் பக்கத்துப் புலன்கள் நுழைந்துவிடும்.

இதற்கு முதல் வலுவான ஆதாரம் 1960களில் அமெரிக்காவில் கிடைத்தது. டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரு ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையை மட்டும் தைத்து மூடி, சில மாதங்களுக்குப் பின் திறந்து பார்த்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தக் கண்ணுக்கு மூளையில் இடம் இல்லாமல் போயிருந்தது. மூளையின் பார்வைப் பகுதியை மற்றக் கண் ஏறக்குறைய முழுமையாக எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது எந்த மாற்றமும் நிகழவில்லை. மூளை தன்னை வடிவமைத்துக்கொள்ள ஒரு பருவம் உண்டு, அது கடந்துவிட்டால் பெரும்பாலும் கடந்ததுதான் என்பது அப்போது தெரியவந்தது. 1981 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் ஊர்களில் "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடும் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். இரண்டு கண்ணும் இரு திசை பார்த்தால், குழப்பத்தைத் தவிர்க்க மூளை ஒரு கண்ணின் செய்தியை ஒதுக்கத் தொடங்கும். நாளடைவில் அந்தக் கண் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுப்பதே இதற்குச் சிகிச்சை. ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் மிக நன்றாக இருக்கும்.

எழுத்தை மறந்த விரல்கள்

காலியான இடத்தை மூளை வீணாக்குவதில்லை. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் புள்ளிகளைத் தடவி வாசிக்கும்போது, மூளையின் பார்வைப் பகுதி வேலை செய்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர் நொரிஹிரோ சடாடோவின் குழு 1996 இல் காட்டியது. அடுத்த ஆண்டு வேறொரு குழு, காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியைக் கண நேரம் தடுமாற வைத்தது. வாசித்துக்கொண்டிருந்தவர்களின் விரல்கள் பிழைவிடத் தொடங்கின. கண்ணுக்கென்று ஒதுக்கிய இடத்தில் விரல் குடியேறி, அங்கே உண்மையாகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இதைவிட அழுத்தமான சான்று ஒரு பெண்ணின் வாழ்க்கையிலிருந்து வந்தது. பிறவியிலேயே பார்வையற்ற அவர், பிரெய்ல் வாசிப்பதில் தேர்ந்தவர். ஒருநாள் மூளையின் பின்பகுதியில், இரு பக்கமும் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. பார்வையுள்ள ஒருவருக்கு இப்படி நடந்தால் பார்வை போகும். அவருக்கோ வாசிப்பு போனது. விரலில் உணர்வு இருந்தது, தாளில் புள்ளிகள் இருப்பதும் தெரிந்தது. அவை என்ன எழுத்து என்பது மட்டும் தெரியவில்லை. 2000 இல் வெளியான இந்த மருத்துவக் குறிப்பை நரம்பியல் படிப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பிறவியிலேயே பார்வையற்றவர்கள் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும்போதும் இதே பகுதி சேர்ந்து இயங்குவதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன. காது கேளாமல், சைகை மொழியோடு வளர்ந்தவர்களுக்கு ஓரப் பார்வையில் நிகழும் அசைவைக் கவனிக்கும் திறன் கூடுதலாக இருப்பதை ஹெலன் நெவில் 1980களில் காட்டினார். ஒரு வாசல் அடைபட்டால் மூளை இன்னொரு வாசலை அகலமாக்குகிறது. அடைபட்ட வாசலைப் பிறகு திறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தியாவில் பதில் கிடைத்தது.

தாமதமாக வந்த வெளிச்சம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றும் டெல்லிக்காரர் பவன் சின்ஹா. அவர் தொடங்கிய 'புராஜெக்ட் பிரகாஷ்' இருபது ஆண்டுகளாக வட இந்தியக் கிராமங்களில் பிறவிக் கண்புரையுள்ள பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்துவருகிறது. எட்டு, பத்து, பதினைந்து வயது வரை வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வேறுபாடு மட்டுமே தெரிந்த பிள்ளைகள் பலர் அதில் பார்வை பெற்றார்கள்.

இப்படிப் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேரை, சிகிச்சை முடிந்த இரண்டு நாட்களுக்குள் ஒரு மேசை முன் உட்கார வைத்தார்கள். துணிக்கடியில் ஒரு விளையாட்டுக் கட்டையைக் கையால் தடவச் சொன்னார்கள். பிறகு இரண்டு கட்டைகளைக் கண்முன் வைத்து, நீ தடவியது எது என்று கேட்டார்கள். கையால் தொட்டதைக் கையால் அடையாளம் காண்பதில் ஒருவரும் சறுக்கவில்லை. கண்ணால் பார்த்ததைக் கண்ணால் அடையாளம் காண்பதும் முடிந்தது. கையால் தொட்டதைக் கண்ணால் காட்டச் சொன்னபோது மட்டும், காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலான விடைதான் வந்தது. 58 வீதம்.

பிறவியில் பார்வையற்றவன் கண் பெற்றால், தொட்டு அறிந்த உருண்டையைப் பார்த்து அறிவானா என்று வில்லியம் மோலினியூ என்ற அயர்லாந்து அறிஞர் 1688 இல் கேட்டிருந்தார். மூன்று நூற்றாண்டு கடந்து, 2011 இல் பதில் வந்தது: உடனே அறிய மாட்டான். ஆனால் அதே பிள்ளைகளில் சிலரைச் சில நாட்கள் கழித்துச் சோதித்தபோது, பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். எட்டு வயதைத் தாண்டிய மூளையும் கற்றுக்கொள்ளும் என்ற நல்ல செய்தியும் அதே சோதனையில் இருந்தது.

முழுவதையும் மீட்க முடிவதில்லை. கனடாவில் நடந்த ஆய்வொன்றில், இரு கண்ணிலும் புரையோடு பிறந்து, இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களை ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துச் சோதித்தார்கள். வாழ்க்கையில் சில மாதங்கள்தான் அவர்கள் வெளிச்சத்தை இழந்திருந்தார்கள். ஆனாலும் இரண்டு முகங்களில் கண்ணுக்கும் கண்ணுக்கும், மூக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள சிறு தூர வேறுபாட்டை மற்றவர்களைப் போல அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவர் முகத்தை இன்னொருவர் முகத்திலிருந்து நாம் நொடியில் பிரித்தறிவதற்கு இந்த நுட்பம் வேண்டும். அதற்கான அடித்தளம் தாய் முகம் பார்த்துப் பால் குடிக்கும் மாதங்களிலேயே விழுந்துவிடுகிறது.

2024 இல் 'சயன்ஸ்' இதழில் சின்ஹாவின் குழு இன்னொன்றைச் சொன்னது. தாமதமாகப் பார்வை பெற்ற பிள்ளைகள் வண்ணப் படத்தில் பொருட்களைச் சரியாகச் சொல்கிறார்கள். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டினால் தடுமாறுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு வண்ணம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் அது ஒளியையும் நிழலையும் வைத்தே பொருட்களை அறியப் பழகுகிறது, வண்ணம் பிறகு வந்து சேர்கிறது. தாமதமாகக் கண் திறந்த பிள்ளைக்கு எல்லா வண்ணமும் முதல் நாளே கிடைத்துவிடுவதால், அது வண்ணத்தையே பிடித்துக்கொள்கிறது. குழந்தைப் பருவத்து மங்கலான பார்வைகூட மூளைக்கு ஒரு பாடமாக இருந்திருக்கிறது.

■ காலக் கணக்கு

● ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த பிறவிக் கண்புரை: சுமார் 6 வாரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பலன் அதிகம்.

● இரு கண்ணிலும் புரை: 8 முதல் 10 வாரத்துக்குள்.

● செவி: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் கேட்கும் கருவியும் பயிற்சியும். உலகெங்கும் '1-3-6' என்று சொல்லப்படும் விதி இது.

● செவிக்குள் பொருத்தும் மின் கருவி (கொக்லியர் இம்ப்ளாண்ட்): மூன்றரை வயதுக்குள் பொருத்தினால் மூளையின் செவிப் பகுதி பெரும்பாலும் இயல்பான வேகத்துக்கு வருகிறது. 7 வயதுக்குப் பின் அது கடினம்.

● தோட்டத் தொழிலாளியின் பிரசவ விடுமுறை: 84 நாட்கள். அதற்குப் பிறகு குழந்தை பகல் முழுவதும் பிள்ளைக்காம்பராவில்.

மொழிக்கும் ஒரு பருவம்

கண் விஷயத்தில் மூளை இழப்பது பார்வையின் நுட்பம். காது விஷயத்தில் இழப்பு மொழிவரை போகும்.

பிறந்த குழந்தை உலகின் எல்லா மொழி ஒலிகளுக்கும் தயாராகவே வருகிறது. 1984 இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற ஆய்வாளர்கள், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதமாகும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போயிருந்தது. வீட்டில் கேட்காத ஒலிக்கு மூளை இடம் வைத்திருக்கவில்லை. ஒரு வேற்று மொழியின் ஒலியே ஒரு வருடத்துக்குள் கைவிட்டுப் போகும் என்றால், எந்த ஒலியுமே வராத குழந்தைக்கு அந்த வருடம் எவ்வளவு பெரியது!

அமெரிக்க ஆய்வாளர் அனு சர்மாவின் குழு 2002 இல் வெளியிட்ட முடிவிலிருந்துதான் கொக்லியர் கருவிக்கான அந்த மூன்றரை வயது எல்லை வந்தது. அதற்கு முன்பே, 1998 இல் கொலராடோவில் நடந்த ஆய்வு, ஆறு மாதத்துக்குள் செவிக்குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னே இருந்ததைக் காட்டியது.

ஆனால் மூளை கேட்பது குரலை மட்டுமில்லை, மொழியை. காதுகேளாத பெற்றோர் சைகை மொழியில் வளர்க்கும் குழந்தை, மற்றக் குழந்தைகள் வாயால் 'பா பா' என்று மழலை பேசும் அதே வயதில் கையால் மழலை பேசுகிறது. முழுமையான சைகை மொழி முதல் ஆண்டுகளிலேயே கிடைத்தால் மொழிக்கான மூளை நன்றாகவே வளரும். குரலும் எட்டாமல், சைகை மொழியும் இல்லாமல், வீட்டுக்காரர்கள் போடும் நாலைந்து கையசைவோடு ஆறு ஏழு வயது வரை விடப்படும் பிள்ளைக்குத்தான் உண்மையான சேதம். பிறகு எந்த மொழியைக் கற்றாலும் இலக்கணத்தில், வாசிப்பில், ஒரு கதையைத் தொடர்ந்து சொல்வதில் அது தடுமாறும். இத்தனைக்கும் அந்தப் பிள்ளையின் அறிவில் ஒரு குறையும் இருந்திராது.

மலையின் தூரம்

இந்தக் கணக்கை எல்லாம் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

இலங்கையில் அநேகமாக எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. தோட்டத்துத் தாய்மாரும் அப்படித்தான். டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 படுக்கை ஆதார வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் குழந்தைக் கண் சத்திரசிகிச்சைக்கோ, செவியை முழுமையாகப் பரிசோதிக்கவோ பெரும்பாலும் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருக்கும். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நடை, அங்கிருந்து ஹட்டனுக்கு பஸ், பிறகு இன்னொரு பஸ் அல்லது ரயில். ஒரு தடவை போய்வந்தால் இரண்டு நாள் பேர் போகும். கண்ணாடி, கருவி, பயிற்சி என்று மாதாமாதம் போக வேண்டியிருந்தால் எத்தனை பேர் போகும் என்று அந்த வீட்டுக்காரர்களே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

வறுமையும் இதில் தனியாக வந்து சேர்கிறது. 2016 ஆம் ஆண்டின் தேசியக் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாட்டளவில் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். தாயின் ஊட்டக்குறை, குறைமாதப் பிறப்பு, எடை குறைந்த குழந்தை என்று இந்தச் சங்கிலி நீளும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு விழித்திரைப் பாதிப்பும் செவிக்குறைபாடும் வர வாய்ப்பு அதிகம். கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், சில மருந்துகள் ஆகியவையும் செவியைப் பறிக்கும். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பங்களில், மறைந்து கிடக்கும் பிறவிக் குறைபாடு வெளிப்படும் வாய்ப்பும் கூடும்.

பிறகு பாடசாலை. காதுகேளாத பிள்ளைகளுக்கான இலங்கையின் மிகப் பழைய பாடசாலை 1912 இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கியது. அது இன்று இரத்மலானையில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956 இல் உருவானது. மஸ்கெலியாவிலிருந்து ஆறு வயதுப் பிள்ளையை நாட்டின் வட முனைக்கு அனுப்பி விடுதியில் விடுவது எந்தத் தாய்க்கும் எளிதான முடிவாக இருக்க முடியாது. முடிவெடுக்க முடியாமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மொழியில்லாத மாதமாகவே கழிகிறது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிறு பிள்ளைகளுக்கு கொக்லியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. கருவியோடு பேச்சுப் பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் என்பதை அங்கேயும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். மலையகத்துக்கு இந்தப் பாடம் முக்கியம். கொழும்பில் கருவி பொருத்திவிட்டு, தமிழில் பேச்சுப் பயிற்சி தர ஆளில்லாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பினால், அந்தக் கருவி சத்தத்தைக் கொடுக்கும். சொல்லைக் கொடுக்காது.

■ இலங்கை ஜெயித்த ஒரு போர்

கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா (ஜேர்மன் சின்னமுத்து) வந்தால் பத்துக் கருக்களில் ஒன்பதுவரை அது தொற்றும். கண்புரை, செவிடு, இருதயக் கோளாறு என மூன்றும் சேர்ந்து வரலாம். இதை முதலில் கவனித்துச் சொன்னவர் ஆஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், 1941 இல்.

1990களின் நடுவில் இலங்கையில் ருபெல்லா பரவியது. 1996 இல் 11 முதல் 44 வயதுவரையான பெண்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. 2001 முதல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்பட்டது. 2020 இல் ருபெல்லாவை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. தென்கிழக்காசிய வட்டாரத்தில் இதை முதலில் எட்டிய நாடுகள் மாலைதீவும் இலங்கையும்தான். ஆனால் ஒழிந்துவிட்டதாக 2019 இல் அறிவிக்கப்பட்ட சாதாரணச் சின்னமுத்து (தட்டம்மை) 2023 இல் மீண்டும் தலைகாட்டியது. ஊசி தவறிய பிள்ளைகள் இருக்கும்வரை இந்த வெற்றியைக் காவல் காக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைக்காம்பராவிலிருந்தே தொடங்கலாம்

தோட்டங்களில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாக வருகிறார். தடுப்பூசிக் கிளினிக் நடக்கிறது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் கீழ் பிள்ளைக்காம்பராக்கள் பல இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகி, பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரை ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கிறது. தட்டு விழும்போது எந்தப் பிள்ளை திரும்பவில்லை என்பது முதலில் தெரிவது அங்கேதான்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவையும் இல்லை. பிறந்த குழந்தையின் கண்ணில் மெல்லிய ஒளியைப் பாய்ச்சி, கண்மணியில் சிவப்புப் பிரதிபலிப்பு வருகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, கைபேசியில் எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. புரையாக இருக்கலாம், சில வேளை கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். தூங்கும் குழந்தையின் காதில் மெல்லிய குமிழைச் செருகி, உட்செவி திருப்பி அனுப்பும் நுண்ணொலியைப் பதிவுசெய்யும் கருவி சில நிமிடத்தில் விடை சொல்லும். பிரசவம் பார்க்கும் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே எல்லாக் குழந்தைக்கும் இதைச் செய்தால் தாய் இன்னொரு நாள் பேரை இழக்க வேண்டியதில்லை. சந்தேகமுள்ள பிள்ளையோடு கண்டிக்குப் போகும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் பயணச் செலவும் கொடுக்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வந்தால், தள்ளிப்போடுவதற்கான பாதிக் காரணம் போய்விடும்.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து, "கேக்குது, கேக்குது" என்று திருப்தி அடைவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தரையில் விழும் தட்டின் அதிர்வைக் குழந்தை உடம்பால் உணரும், கையசைவை ஓரக்கண்ணால் பிடித்துவிடும். கேளாத பிள்ளைக்கு அந்த ஓரப்பார்வை இன்னும் கூர்மை. குழந்தை காணாத இடத்தில், எதையும் தொடாமல், குரலால் மட்டும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

குழந்தை பிறந்ததும் எல்லாத் தாய்க்கும் ஒரு சுகாதாரப் பதிவேடு கொடுக்கப்படுகிறது. பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து, மழையில் நனையாமல் பொலித்தீன் பைக்குள் சுற்றி, தலையணைக்கடியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். நிறையும் ஊசியும் எழுதும் பக்கங்கள் கிளினிக்குக் கிளினிக் நிரம்பும். அதிலேயே கண்ணுக்கும் காதுக்கும் தாய் பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. கிளினிக் நாளில் வரிசை நீளமாக இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "பின்னால நின்னு கூப்பிட்டா பாப்பா திரும்புதா?" என்று உத்தியோகத்தர் ஒரு தடவை கேட்டால் போதும். சில தாய்மார் உடனே "ஆமா" என்பார்கள். ஒருத்தி மட்டும் கொஞ்சம் யோசிப்பாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "முன்னால நின்னுதான் கூப்பிடுவேன் மிஸ், பின்னால நின்னு கூப்பிட்டுப் பார்த்ததில்லையே" என்பாள்.